விசிலுக்கு எழுந்த கை

போன மாதம் மூக்கண்டப்பள்ளியில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போகிற லாரியும் வெளியே வருகிற கம்பெனி பஸ்ஸும் முட்டிக்கொள்ளாமல் இருக்கக் காவலாளி விசில் ஊதினார். வயிற்றுக்குள் பட்டாணி உருளும் பழைய மாதிரி விசில். முதலில் ஒரு கீறல். அப்புறம் நடுங்கி நடுங்கி நீளும் சத்தம்.

என் வலது கை தலைக்கு மேலே போயிருந்தது.

நான் தூக்கவில்லை. அதுவாகப் போயிருந்தது. விரல்கள் விரிந்து, உள்ளங்கை முன்பக்கம் பார்த்து, முழங்கை காதை ஒட்டிக்கொண்டு. வயது நாற்பத்தைந்து. கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை. இந்தக் கோலத்தில் நடுரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். லாரிக்காரர் தலையை நீட்டி, "பெங்களூருங்களா? ஏறுங்க, ஏறுங்க, பின்னாடி வண்டி நிக்குது" என்றார்.

ஏறவில்லை. கையை இறக்கிக்கொண்டேன்.

முப்பது வருடம் இருக்கும். அந்தக் கைக்கு இன்னும் ஆட்டம் முடியவில்லை போலிருக்கிறது.

மீன்வலை

அந்த நாளில் மூக்கண்டப்பள்ளி கேழ்வரகுக் கொல்லைகளின் ஊர். அங்கிருந்துதான் முனிராஜு ஓசூர் ஹைஸ்கூலுக்கு நடந்து வருவான். என் வகுப்பு, என் டீம். வீட்டில் தெலுங்கு பேசுவான், கடைத்தெருவில் கன்னடம், என்னோடு தமிழ். கையில் பந்து வந்துவிட்டால் எந்தப் பாஷையும் கிடையாது.

கூடைப்பந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு தங்கவேலு சாரோடு வந்தது. மதராஸில் உடற்பயிற்சி படித்துவிட்டு டிரில் மாஸ்டராக வந்தவர். இரண்டு கம்பம் நட்டார். பெட்டிப் பலகையைச் சேர்த்து அடித்து போர்டு ஆக்கினார். வளையம் கொல்லர் அடித்துக் கொடுத்தது. அதில் ஏரியில் மீன் பிடிக்கிறவரிடம் கேட்டு வாங்கிய கிழிந்த வலை. மழை நாளில் அந்த வலையிலிருந்து ஒரு வாடை வரும். பந்து உள்ளே விழுந்தால் மீன் துள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். இப்போதும் எனக்கு வெற்றி என்றால் அந்த வாடைதான்.

வெறுங்கால். காக்கி டிராயர், பனியன். பனியனில் எண் எதுவும் கிடையாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யார் யாரென்று அம்பயருக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் காலத்து விதி ஒன்று இருந்தது. தள்ளினாலோ, பிடித்து இழுத்தாலோ, கையில் தட்டினாலோ அது ஃபவுல். விசில் ஊதியதும் ஃபவுல் செய்தவனே கையைத் தூக்கிக் காட்டவேண்டும். ஐந்து முறை தூக்கினவன் வெளியே போகவேண்டும்.

தங்கவேலு சார் இந்த விதியைப் பூஜை மாதிரி கடைப்பிடித்தார். பயிற்சியில் நினைத்தபோது விசில் ஊதுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். அதற்குள் ஒரு கை எழவேண்டும். எழாவிட்டால், "யாரும் பண்ணலையா? எல்லாரும் யோக்கியனுங்களா? சரி, எல்லாரும் ஓடு" என்பார். மைதானத்தைச் சுற்றி எட்டுத் தடவை.

விசிலுக்கும் கைக்கும் நடுவே இருக்கிற அந்த இரண்டு எண்ணிக்கை மௌனத்தை என்னால் தாங்க முடியாது. காது அடைத்துக்கொள்ளும். நாக்கில் இரும்பு ருசி வரும். நானாக இருக்குமோ, போன நொடியில் என் தோள் யார் மேலாவது பட்டதோ என்று உடம்பு தன்னைத்தானே சோதனை போட்டுக்கொள்ளும். ஒரு எண்ணிக்கை முடிவதற்குள் நான் தூக்கிவிடுவேன்.

எனக்கு டீமில் கிடைத்த பெயர் கைதூக்கி.

ரோடு ரோலர்

இந்த வியாதி பந்தோடு வந்ததில்லை. அதற்கு முன்னாலேயே இருந்தது.

அப்பா ரோடு ரோலர் ஓட்டினார். ரோடு எங்கே போகிறதோ அங்கே எங்கள் குடும்பமும் போகும். தருமபுரி, குந்தாரப்பள்ளி, சூளகிரி, ஓசூர். மனிதர்கள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஊர் ஊராக நகர்ந்தோம். ஒவ்வொரு ஊரிலும் எனக்குப் புதுப் பள்ளிக்கூடம்.

குந்தாரப்பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், வாத்தியாருடைய தண்ணீர்ப் பானை உடைந்தது. யார் என்று கேட்டார். வகுப்பு மூச்சு விடவில்லை. சந்தைக்குப் போகிற மாடுகளின் கழுத்து மணிகள் ரோட்டில் கேட்டன. அவ்வளவு அமைதி. நான் எழுந்து நின்றேன். பானை எந்த மூலையில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. உள்ளங்கையில் நாலு அடி. சாயங்காலம், உடைத்த மூன்று பேரும் என்னைக் கிணற்றில் குதிக்கக் கூட்டிப் போனார்கள். வீங்கின கை தண்ணீரில் எவ்வளவு சுகமாக இருந்தது!

புது ஊரில் இடம் கிடைக்க ஒரு வழி அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோயிற்று.

அப்பாவுக்கு மட்டும் இது புரியவே இல்லை. அவர் வீட்டுக்குள் வந்து தொண்டையைக் கனைத்தால் நான் எழுந்து நிற்பேன்.

"என்னடா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"ஒண்ணும் பண்ணாதவன் ஏன்டா எழுந்து நிக்கற? உக்காரு. பாக்கறவன் நான் என்னமோ தெனம் போட்டு அடிக்கறன்னு நெனைப்பான்."

உட்கார்வேன். முழங்கால் எழுந்தபடியே இருக்கும்.

விசிலுக்குப் பிறகு

ஃபவுல் விழுந்த பிறகு ஒரு பையனின் முகத்தைப் பார்க்கவேண்டும். பந்தை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நான் பாதி ஆட்டத்தைக் கோட்டைவிட்டிருக்கிறேன். ஒருவன் சிரிப்பான், பல் மட்டும் சிரிக்கும். இன்னொருவன் பனியனை இழுத்து வாயில் வைத்துக் கடிப்பான். ஒருவன் அழுவான், அழுததை மறைக்க மூக்கைச் சிந்துவான். எனக்கென்றால் கைகள் இரண்டும் பெரிதாகிவிடும். பந்து வந்தால் அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி உடனே யாரிடமாவது தள்ளிவிடுவேன்.

முனிராஜு ஒருவன்தான் மாறமாட்டான். கை தூக்குவான், இறக்குவான், தன் இடத்துக்குப் போவான். அடுத்த பந்தை வாங்கி வலைக்குள் போடுவான். அவனுக்குப் பயம் என்று ஒன்றை வைத்தே சாமி படைக்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தோம்.

எனக்குப் பந்து போட வராது. ஓட்டமும் சுமார். ஆனால் என்னிடம் ஐந்து ஃபவுல் இருந்தது. முனிராஜு யாரையாவது இடித்துவிட்டால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அம்பயருக்குத் தெரியப்போகிறதா? நான் தூக்கிவிடுவேன். அவன் கணக்கு அப்படியே நிற்கும், என் கணக்கு ஏறும். ஐந்து ஆனதும் நான் வெளியே போவேன், அவன் உள்ளே இருப்பான். இப்படித்தான் எனக்கு டீமில் இடம்.

முதலில் சில தடவை அவன் தடுத்தான். "என்னுதுக்கு நானே தூக்கறன், நீ சும்மா இருடா" என்பான். பிறகு அதையும் சொல்வதில்லை.

ஓர் ஆட்டத்திலும் கடைசி விசிலை நான் கோட்டுக்கு உள்ளே நின்று கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமாக இருக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பெங்களூரிலிருந்து வந்தவர்

அந்த வருடம் கிருஷ்ணகிரிப் பள்ளிக்கூடம் எங்களோடு ஆட ஓசூருக்கு வந்தது. அன்று பெங்களூரிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். கம்பளிச் சட்டை, மடக்கின குடை, மடியில் சின்ன நோட்டு. பெங்களூரில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் பந்து டீம் வைத்திருந்தார்களாம். நன்றாக ஆடுகிற பையன்களை வேலை பழக எடுத்துக்கொள்வார்களாம். தங்கவேலு சார் அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி வரவழைத்திருந்தார். எல்லாம் முனிராஜுவுக்காக.

முனிராஜு வீட்டில் மூன்றாவது பையன். அப்பா இல்லை, அண்ணன் வைத்ததுதான் சட்டம். படிப்பு இந்த வருடத்தோடு சரி, அப்புறம் கொல்லை வேலை என்று அண்ணன் சொல்லியாகிவிட்டது. "பந்து தூக்கிப் போட்டா வேலை குடுப்பானுங்களா? எந்த ஊர்லடா?" என்று கேட்டுச் சிரித்தாராம்.

ஆட்டத்துக்கு முன்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே முனிராஜு சொன்னான்: "இன்னிக்குப் பொழைச்சா மிஷினுடா. இல்லன்னா ஏருதான்."

தண்ணீர் அவன் முகத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அம்பயர் நஞ்சுண்டய்யா. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் குமாஸ்தா. தார்பாய்ச்சிக் கட்டின வேட்டி, கீழே கான்வாஸ் ஷூ. நல்ல மனிதர், யார் பக்கமும் சாயமாட்டார். ஆனால் சாயங்கால வெயிலில் புழுதி கிளம்பினால் அவருக்கு எல்லாப் பனியனும் ஒன்றுதான். இடித்தது கண்ணில் படும், இடித்தவன் படமாட்டான். விசிலை ஊதிவிட்டு, நெற்றியில் கையை வைத்துச் சுற்றிலும் பார்த்து, "யாரப்பா அது? கை எத்து!" என்பார். கை எழுந்தால் அதுதான் தீர்ப்பு.

இரண்டாம் பாதியில் எனக்கு நாலு ஆகிவிட்டது. அதில் இரண்டு முனிராஜுவுடையது. அவன் பெயரிலேயே நாலு விழுந்திருந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் அவனும் வெளியே, நோட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னிடம் மிச்சம் ஒன்றே ஒன்று. அதை அவனுக்காக வைத்திருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். நிறைகுடம் சுமக்கிறவன் மாதிரி முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு ஆடினான் முனிராஜு. பந்து போடும்போதெல்லாம் நோட்டுக்காரர் பேனாவைத் திறப்பார், மூடுவார்.

அந்த விசில்

ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். நேரம் ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோ.

பந்து முனிராஜுவிடம் வந்தது. வளையத்துக்குக் கீழே போய் எம்பினான். கிருஷ்ணகிரி டீமின் உயரமான பையன் ஒருவன், அவனை நெட்டையன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், பின்னாலிருந்து வந்து முழங்கையால் முனிராஜுவின் விலாவில் இடித்தான். இருவரும் விழுந்தார்கள். பந்து போர்டில் பட்டு வெளியே தெறித்தது. புழுதி.

விசில்.

தப்பு நெட்டையனுடையது. முனிராஜுவுக்கு யாரும் தடுக்காமல் போட இரண்டு பந்து கிடைக்கும். ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் ஜெயம். நோட்டில் பெயர்.

இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கேட்டது அந்த மௌனம் மட்டும். ஒன்று… இரண்டு… கை எங்கே? நாக்கில் இரும்பு. முனிராஜுதான் இடித்துவிட்டானோ? இல்லை, நானோ?

நான் நின்றது அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி. என் பக்கத்தில் யாருமே இல்லை. என் கை மேலே இருந்தது.

நெட்டையன் எழுந்துகொண்டிருந்தான். அவன் கையும் எழுந்துகொண்டிருந்தது. மார்பு வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அவன் என் கையைப் பார்த்தான். தன் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு இறக்கிவிட்டான்.

நஞ்சுண்டய்யா கண்ணைச் சுருக்கினார். "நீயா?"

"இல்ல சார். தெரியாம…"

"தெரியாம தள்ளினாலும் தள்ளினதுதானப்பா."

"சார், அவன் அங்க இல்லவே இல்ல சார்!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து தங்கவேலு சார் கத்தினார்.

"உங்க பையனே கை எத்திட்டானே சார். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நான் என்ன பண்ணட்டும்?"

கணக்கு எழுதின பையன் மேஜையிலிருந்து உரக்கப் படித்தான்: "சண்முகம், அஞ்சு. வெளிய."

சண்முகம் நான்தான்.

முனிராஜு பந்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான் இடி வாங்கினேன், சார், விலாவைப் பாருங்க' என்று பனியனைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. பந்தை நஞ்சுண்டய்யாவின் கையில் கொடுத்தான். அந்த மௌனம் என்மேல் இருந்த கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே

அந்த இரண்டு பந்தையும் இப்போது நெட்டையன் போட்டான். ஒன்று விழுந்தது. மீன் துள்ளுகிற சத்தம்.

"எத்தன தரம் சொன்னன் உனக்கு, விசில் ஊதினா…" என்று ஆரம்பித்தார் தங்கவேலு சார். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. அவர் சொன்னதைத்தானே நான் செய்திருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் ஒரு வாய்ப்பு வந்தது. முனிராஜு வளையத்துக்கு அடியில் தனியாக நின்றான், பந்து அவன் கைக்கே போயிற்று. சுற்றிலும் எதிரி யாருமில்லை. வெளியிலிருந்து நான், "போடுடா!" என்று கத்தினேன். அவன் போடவில்லை. பக்கத்தில் ஓடி வந்தவனிடம் தள்ளிவிட்டான். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி. வாங்கினவன் தவறவிட்டான். ஆட்டம் முடிந்தது.

முனிராஜுவின் தைரியத்தையே உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நோட்டுக்காரர் நெட்டையனைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். அப்பா பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் போனார். எங்களிடம் வரவில்லை.

இரண்டு மைல்

முனிராஜு மூக்கண்டப்பள்ளிக்கு நடந்தான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நானும் பின்னால் நடந்தேன். வெயில் சாய்ந்து, கொல்லைகளில் ஈரமண் வாசம் கிளம்பியிருந்தது. அவன் விலாவைப் பிடித்துக்கொண்டே நடந்தான். அவர்கள் வீட்டுக் கொல்லை எங்கே இருந்தது என்று பார்க்கத்தான் போன மாதம் அங்கே போனேன். சுவரும் கேட்டும்தான் தென்பட்டன. அது எந்தச் சுவருக்குள் போயிற்று என்று சொல்ல ஆளில்லை.

பாதி வழியில் என்னால் முடியவில்லை. "என்ன அடிச்சுடுடா" என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாம் என்னாலதான."

"நெட்டையன் கை பாதி மேல வந்துச்சு. நான் பாத்தன்."

"பாத்தியா? அப்புறம் ஏன்டா அம்பயர்கிட்ட சொல்லல?"

ரோட்டோரம் உட்கார்ந்தான். காலில் குத்தின முள்ளைத் தேடுகிற மாதிரி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். முள் எதுவும் இல்லை.

"ரெண்டு பந்து போடணும். எல்லாரும் என்னியே பாத்துகினு நிப்பாங்க. அந்த ஆளு வேற பேனாவத் தொறந்து வெச்சுகினு. காலு கிடுகிடுன்னு ஆடிச்சுடா. கையில பந்து நிக்கல. நீ கைய தூக்கினியா…"

"தூக்கினன்."

"அப்பாடான்னு இருந்துச்சு."

"உனக்குப் பயமா?"

"ஒவ்வொரு விசிலுக்கும்தான்."

"தெரியவே இல்லயேடா."

"தெரிஞ்சா ஆடவிடுவாங்களா?"

"அந்தக் கடைசிப் பந்து?"

"அதுவும் அதேதான். போனீ லேரா, விடு." எழுந்து டிராயரில் ஒட்டின மண்ணைத் தட்டினான்.

கொல்லை வந்தது. அவன் அண்ணன் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். பெரிய உருவம். எங்களைப் பார்த்ததும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வரப்பு வரைக்கும் வந்தார்.

"என்னடா, பெங்களூரு ஆளு எழுதிகினானா?"

முனிராஜு என்னைப் பார்க்கவில்லை. "இல்லண்ணா. இவன் தப்பா கை தூக்கிட்டான். அதான் போச்சு."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீயா?"

ஒன்று. இரண்டு.

"ஆமாங்கண்ணா" என்றேன். "நான்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். "சரி, விடிஞ்சா மேட்டுக் கொல்லைய ஓட்டணும்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு மாடுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். இரண்டு மாதத்தில் அப்பாவின் ரோலர் வேறு ஊருக்கு நகர்ந்துவிட்டது. முனிராஜு அதற்கப்புறம் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் அவனைப் பார்த்தது அன்றோடு சரி.

அன்று வரப்பில் அவன் அண்ணன் பின்னாலேயே பத்தடி போனான். பிறகு நின்று, திரும்பி, என்னிடம் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் பயந்தன்னு எங்கண்ணனுக்கு மட்டும் தெரியவேணாம்டா. போ, போயிடு."